கணினி இடரும் நமது சங்கங்களும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



இந்த மேடையிலே வழமையாகப் பெரியபுராணமும் திருவாசகமும் சைவசித்தாந்தமும் பேசப்படுவதைக் கேட்டு மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். அத்தகைய மேடையில் நின்று கணினியைப் பற்றிப் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். “இணையவழி நெருக்கடி ஒன்று வந்தால் அதைச் சமாளிக்க நிறுவனங்கள் எவ்வாறு ஆயத்தமாயிருத்தல் வேண்டும்?” என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இது வாலிபர்களுக்கு உரிய விஷயம், நமக்கென்ன என்று பின்வரிசையிலுள்ள பெரியவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லப்போகும் வேலையில் அரைவாசிக்கு மேல் பெரியவர்களாலேதான் ஆகவேண்டியிருக்கிறது. அது எப்படி என்பதைப் போகப்போகச் சொல்வேன்.

முதலில் நமது நாட்டிலே நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் இறுதியில், அரசாங்கக் கந்தோர்கள் பயன்படுத்தும் மின்னஞ்சல் ஏற்பாட்டுக்குள்ளே ஒரு கப்ப நிரல் புகுந்துவிட்டது. கப்ப நிரல் என்பது என்ன? கள்வன் வீட்டுக்குள் நுழைந்து பொருளைத் தூக்கிச் செல்லாமல், அலுமாரிகள் எல்லாவற்றுக்கும் தன்னுடைய பூட்டைப் போட்டுவிட்டு, “திறப்பு வேண்டுமானால் பணம் கொண்டுவா” என்று கடதாசி எழுதி வைத்துவிட்டுப் போவதைப் போன்றது. கணினியிலுள்ள கோப்புகள் யாவும் வாசிக்க முடியாத எழுத்துக்களாக மாறிவிடும்.

அந்த மின்னஞ்சல் ஏற்பாட்டில் ஏறக்குறைய 5,000 முகவரிகள் இருந்தன. மந்திரிசபைக் காரியாலயமும் அதற்குள் அடக்கம். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தார் சில மணி நேரத்துக்குள் ஏற்பாட்டை மீண்டும் இயங்க வைத்தார்கள். ஆனால் மே மாதம் 17ஆம் திகதி முதல் ஆகஸ்ட் 26ஆம் திகதி வரை வந்த கடிதங்கள் திரும்பி வரவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதப் போக்குவரத்து அழிந்துபோயிற்று. காரணம் என்ன? காப்புப் பிரதி இல்லாமலில்லை. இருந்த பிரதியும் அதே ஏற்பாட்டோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆதலால் மூலத்தைப் பூட்டிய நிரல் பிரதியையும் பூட்டிவிட்டது. இணைப்பில்லாமல் வேறாக எடுத்து வைத்த பிரதி அந்தக் காலப் பகுதிக்கு இருக்கவில்லை. இயங்கிய மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதிதாக்க வேண்டுமென்பது தெரிந்தே இருந்தது. பணத் தட்டுப்பாட்டினாலும் முன்னைய தீர்மானங்களினாலும் அது தள்ளிப்போய்விட்டது என்று அதிகாரிகளே பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள்.

அவர்களைக் குறை சொல்வதற்காக நான் இதை எடுத்துக்கூறவில்லை. நம்முடைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசற்கதவின் திறப்பையும் அதன் மறுதிறப்பையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பிலே செருகிக்கொண்டு, “என்னிடம் இரண்டு திறப்பு இருக்கிறது” என்று நிம்மதியாயிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? வளையம் தொலைந்த அன்றைக்குத்தான் நம்மிடம் இருந்தது ஒரு திறப்பே என்பது தெரியவரும். நமது சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு, சந்தாக் கணக்கு, புலமைப்பரிசில் பெறும் பிள்ளைகளின் விபரம், ஆண்டுமலருக்கு விளம்பரம் தந்தோரின் பெயர்கள் ஆகிய இவை இன்று எங்கே இருக்கின்றன? ஒரு மடிக்கணினியில் இருக்கின்றன. அதன் பிரதி? அதே மடிக்கணினியில் இன்னொரு உறைக்குள் இருக்கிறது! சிரிக்கிறீர்கள். தனாதிகாரி சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

நிற்க. 2023 ஆகஸ்ட் 26 சனிக்கிழமை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படியான காரியங்கள் வேலை நாளில் காலை பத்து மணிக்கு, எல்லோரும் மேசையில் இருக்கும்போது வருவது அருமை. 2021ஆம் ஆண்டில் நமது நாட்டுக்குரிய இணைய முகவரிகளின் பதிவேட்டில் ஒருவர் கைவைத்து, கூகிளின் இலங்கை முகவரிக்குப் போனவர்களை வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். அது பெப்ரவரி 6ஆம் திகதி, அதுவும் சனிக்கிழமை. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் தாக்கப்பட்டது 2023 ஒக்டோபர் 28, அதுவும் சனிக்கிழமையே. சனிபகவானை இதில் இழுக்க வேண்டியதில்லை. கந்தோரில் ஆளில்லாத நாளைக் கள்வன் தெரிந்தெடுக்கிறான், அவ்வளவுதான்.

இந்தத் தந்திரத்தின் உச்சம் 2016ஆம் ஆண்டில் வங்காள தேசத்து மத்திய வங்கியில் நடந்தது. அதில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெப்ரவரி 4ஆம் திகதி, வியாழக்கிழமை. நமக்குச் சுதந்திர தினம்; டாக்காவில் வாரத்தின் கடைசி வேலை நாள். அன்று இரவு, வங்கியின் கணினிகளுக்குள் முன்னரே புகுந்து காத்திருந்தவர்கள், நியூயோர்க்கில் அவ்வங்கியின் பணத்தை வைத்திருந்த மத்திய வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். கேட்ட தொகை எல்லாமாக 95 கோடி டொலர். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. டாக்காக்காரர் விழித்துக்கொண்டு நியூயோர்க்கைத் தேடியபோது அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை வந்தபோது பணம் போய்ச்சேர்ந்த மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாடுகளின் நாட்காட்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். நமது சோதிடர்கள் கூட இவ்வளவு நுணுக்கமாக முகூர்த்தம் பார்ப்பார்களா என்பது சந்தேகம்.

கட்டளைகளை அச்சிடும் பொறி அன்று வேலை செய்யவில்லை. “அது அடிக்கடி பழுதாவதுதானே” என்று உத்தியோகத்தர்கள் விட்டுவிட்டார்கள். அந்தப் பொறியை நிறுத்தி வைத்ததும் கள்வர்களே என்பது பின்னர்தான் தெரிந்தது. 8 கோடி 10 இலட்சம் டொலர் மணிலாவுக்குப் போய்ச் சூதாட்ட மண்டபங்களில் கரைந்தது. 2 கோடி டொலர் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. அந்த 2 கோடி தப்பியது எப்படி? பணம் பெறவேண்டிய தொண்டு நிறுவனத்தின் பெயரில் ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கள்வர்கள் எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டார்கள். இடையில் நின்ற ஒரு வங்கியில் ஒருவர் அந்தப் பிழையைக் கண்டு, இது என்ன என்று கேட்டு அனுப்பினார். அந்தக் கேள்வியே பணத்தை நிறுத்தியது. கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான இயந்திரங்கள் செய்யாத வேலையை, எழுத்துக்கூட்டிப் பார்க்கும் பழக்கமுள்ள ஒரு மனிதர் செய்தார். நமது பாடசாலைகளில் சொல்வதெழுதலுக்குப் பிரம்படி வாங்கியவர்கள் இதைக் கேட்டு ஆறுதலடையலாம்.

இவையெல்லாம் பெரிய இடத்து விஷயங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் சிறு சங்கத்துக்கு இது வருமா என்று கேட்பீர்கள். வரும். வந்தது. நான் அங்கத்தவனாயிருந்த ஒரு சங்கத்துக்கே வந்தது. பெயர் சொல்ல மாட்டேன். அச்சங்கத்தின் செயற்குழுவில் நானும் இருந்தேன். ஆதலால் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒருநாட் காலை அச்சங்கத்தின் காரியதரிசிக்கு அவருடைய உறவினர் ஒருவரிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. “தவறுதலாக உங்கள் இலக்கத்துக்கு ஓர் ஆறெழுத்து எண்ணை அனுப்பிவிட்டேன், தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்” என்று. தெரிந்த பெயர், தெரிந்த படம். எண்ணும் குறுஞ்செய்தியாக உண்மையாகவே வந்திருந்தது. அவர் அனுப்பிவிட்டார். அந்த எண் என்ன தெரியுமா? காரியதரிசியின் வட்ஸ்அப்பை வேறொரு தொலைபேசியில் திறப்பதற்குரிய திறப்பு. உறவினருடைய கணக்கும் முதல்நாள் இவ்வாறே பறிபோயிருந்தது. அடுத்த நிமிடம் காரியதரிசி வெளியே, கள்வன் உள்ளே.

பத்து மணிக்குச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவிலே காரியதரிசியின் பெயரில் ஓர் அறிவித்தல் வந்தது. நம்மிடம் புலமைப்பரிசில் பெறும் மாணவன் ஒருவனுக்கு அவசர சத்திரசிகிச்சை. பெற்றோர் தோட்டத் தொழிலாளர். இன்று மாலைக்குள் பணம் கட்ட வேண்டும். கீழ்க்காணும் கணக்குக்கு அனுப்புக. அக்குழுவிலே இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள பழைய அங்கத்தவர்கள் பலர் இருந்தார்கள். சந்தேகப்பட்ட சிலர் “இது உண்மைதானா?” என்று எழுதக்கூட முடியவில்லை. ஏனென்றால், காலைவணக்கப் படங்கள் வந்து குவிகின்றன என்று பலர் முறைப்பட்டதன் பேரில், காரியதரிசி மாத்திரமே எழுதலாம் என்று அக்குழுவை நாங்களே பூட்டி வைத்திருந்தோம். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. காரியதரிசிக்குப் பத்தரை மணிக்கே காரியம் தெரிந்துவிட்டது. அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. எப்படியாவது தானே சரிசெய்துவிடலாம் என்று மருமகனையும் தொலைபேசிக் கடைக்காரரையும் சுற்றிக்கொண்டிருந்தார். தலைவரோ ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். தனாதிகாரி கோயிலில், தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். மற்ற எங்களுக்கு அங்கத்தவர்களை வேறு வழியாகக் கூப்பிடுவோம் என்றால் இலக்கங்கள் இல்லை. இலக்கங்கள் எல்லாம் காரியதரிசியின் தொலைபேசிக்குள்ளே இருந்தன. மாலை மூன்று மணிக்கே அறிவித்தல் பொய் என்று ஒருவழியாகச் சொல்ல முடிந்தது. அதற்கிடையில் பலர் பணம் அனுப்பிவிட்டார்கள். அவர்களுள் ஒருவர் இளைப்பாறிய ஆசிரியை. தமது ஓய்வூதியம் வந்த அன்றே வங்கிக்கு நடந்து போய் அனுப்பியிருக்கிறார். நான் அவரைப் பார்க்கப் போனபோது, “அந்தப் பிள்ளைக்கு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததா?” என்றுதான் முதலிற் கேட்டார். அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

போன பணத்தைவிட வராமற்போன பணமே பெரிய நட்டம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் நிதிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த தொகை பாதியாகக் குறைந்தது. பதினொரு பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தோம். அவ்வருடம் ஏழு பேருக்கே கொடுக்க முடிந்தது. மற்ற நால்வருடைய வீட்டுக்கும் கடிதம் எழுதும் வேலை காரியதரிசிக்கு வந்தது. அவர் எழுதினார், அத்துடன் பதவியை விட்டுவிட்டார். இருபது வருடம் ஒரு சதம் பிழையில்லாமல் சேவை செய்த மனிதர் அவர்.

அவர் அந்த நாலரை மணி நேரம் ஏன் மறைத்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வெட்கம். “இவ்வளவு படித்தவர், இந்தச் சின்னத் தந்திரத்தில் விழுந்தாரா?” என்று நாலுபேர் சொல்வார்களே என்ற பயம். அவருடைய பயம் பிழையென்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையாகவே நாலுபேர் அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே குற்றம் எங்கள் பக்கம். பிழை விட்டவன் உடனே வந்து சொல்லக்கூடிய இடமாக அச்சங்கத்தை நாங்கள் வைத்திருக்கவில்லை.

இந்த நோய் சிறிய சங்கங்களுக்கு மாத்திரம் உரியதன்று. 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலே கூடங்குளம் அணுமின் நிலையத்துக் கணினியில் ஒரு தீநிரல் புகுந்துவிட்டது என்று ஒக்டோபர் மாத இறுதியில் செய்தி பரவியது. நிலையத்தார் 29ஆம் திகதி அறிக்கை விட்டார்கள்: அப்படித் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று. 30ஆம் திகதி அணுமின் கழகத்தார் இன்னோர் அறிக்கை விட்டார்கள்: நிர்வாக வேலைக்குரிய வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் காணப்பட்டது உண்மை, செப்டெம்பர் 4ஆம் திகதியே அது தெரிவிக்கப்பட்டது, அணு உலையை இயக்கும் கணினிகள் அதனோடு தொடர்பில்லாதவை என்று. இரண்டாவது அறிக்கை திருப்திகரமானது. ஆனால் முதல்நாள் “இல்லை” என்ற வாய், மறுநாள் “உண்டு, ஆனால் ஆபத்தில்லை” என்றால், சுற்றியுள்ள ஊர்ச்சனம் எந்தப் பாதியை நம்பும்?

இதற்கு மறுதலையாகப் பிரித்தானிய நூலகத்தைச் சொல்லலாம். நமது தமிழ் நூல்கள் பல அங்கே இருக்கின்றன என்பதை ஆராய்ச்சி செய்வோர் அறிவர். கள்வர்கள் சுமார் 600 ஜிகாபைட் அளவான தகவல்களைத் திருடிக்கொண்டு கப்பம் கேட்டார்கள். நூலகம் கொடுக்கவில்லை. நூற்பட்டியல் திரும்ப வாசகர்களுக்குக் கிடைத்தது 2024 ஜனவரி நடுப்பகுதியிலேதான். ஆனால் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நூலகத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எங்கே பிழைவிட்டோம், எந்த வாசலுக்கு இரண்டாவது பூட்டுப் போடாமல் விட்டோம், எந்தப் பழைய ஏற்பாடுகளை மாற்றாமல் வைத்திருந்து கஷ்டப்பட்டோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். மற்ற நூலகங்கள் இதைப் படித்துத் தப்பிக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். பெரிய நிறுவனம் ஒன்று தன் வீட்டு ஓட்டையைத் தானே சுட்டிக்காட்டுவதற்கு மனத்திடம் வேண்டும்.

இனிப் பெரியவர்களுடைய பங்குக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி நோர்வே நாட்டில் ‘நோர்ஸ்க் ஹைட்ரோ’ என்ற அலுமினியக் கம்பெனியைக் கப்ப நிரல் தாக்கியது. நாற்பது நாடுகளிலே தொழிற்சாலைகள். ஏறக்குறைய 35,000 தொழிலாளர். 22,000 கணினிகள் முடங்கின. கம்பெனியார் கப்பம் கொடுப்பதில்லை என்று தீர்மானித்து, நடந்ததை அன்றே உலகத்துக்குச் சொல்லிவிட்டு, பேனாவையும் கடதாசியையும் கையில் எடுத்தார்கள். ஆனால் இளைய தொழிலாளருக்குக் கடதாசியில் வேலை செய்யத் தெரியவில்லை. அப்பொழுது நெடுநாட்களுக்கு முன் இளைப்பாறியவர்கள் தாமாகவே தொழிற்சாலைகளுக்குத் திரும்பி வந்து, பழைய முறைப்படி இயந்திரங்களை ஓட்டவும் கட்டளைகளை எழுதவும் சொல்லிக்கொடுத்தார்களாம். டில்லியிலுள்ள அகில இந்திய வைத்திய விஞ்ஞான நிறுவனத்தையும் 2022 நவம்பர் 23ஆம் திகதி இவ்வாறே தாக்கினார்கள். ஏறக்குறைய இரு வாரங்கள் நோயாளர் பதிவும் பரிசோதனை முடிவுகளும் கையெழுத்திலேயே நடந்தன. வைத்தியசாலையை மூடமுடியுமா? நோய் கணினிக்காகக் காத்திருக்குமா?

நமது சங்கத்தில் றசீதுப் புத்தகத்தைக் கரிக்கடதாசி வைத்து எழுதியவர்கள், பேரேட்டில் பற்று வரவு போட்டவர்கள், அங்கத்தவர் வீடுகளுக்குச் சைக்கிளிலே சென்று அறிவித்தல் கொடுத்தவர்கள் இன்றும் பின்வரிசையில் இருக்கிறார்கள். மூன்று நாளைக்குக் கணினியும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை என்றால் சங்கத்தை நடத்திக் காட்டக்கூடியவர்கள் அவர்களே. அந்த வித்தையை ஒரு மாலைப்பொழுதில் இருந்து இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பேரேட்டை இனித் தினமும் எழுத வேண்டுமென்று நான் சொல்லவில்லை. எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

இடையில் ஒரு வேடிக்கையான செய்தி. 2017 யூன் 27ஆம் திகதி ‘மேர்ஸ்க்’ கப்பற் கம்பெனியின் கணினிகளை ஓர் அழிவு நிரல் தாக்கிற்று. கொழும்புத் துறைமுகத்திலே அக்கம்பெனியின் பெயர் எழுதிய கொள்கலன்களைக் காணாதவர் இல்லை. 45,000 கணினிகளையும் 4,000 சேவையகங்களையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. எல்லாவற்றுக்கும் ஆதாரமான ஒரு பதிவேட்டின் பிரதிகள் உலகெங்கும் ஏறக்குறைய 150 இடங்களில் இருந்தன. ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால் அத்தனையும் அழிந்தன, ஒன்றைத் தவிர. அது ஆபிரிக்காவில் கானா நாட்டுக் கந்தோரில் இருந்தது. தாக்குதல் நடந்த வேளையில் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்ததாம்! அதைக் கையிலே எடுத்துக்கொண்டு இலண்டனுக்கு வரலாம் என்றால், கானாவிலுள்ள உத்தியோகத்தர் ஒருவரிடமும் பிரித்தானிய விசா இல்லை. ஒருவர் நைஜீரியாவுக்குக் கொண்டுபோய், விமான நிலையத்திலே இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் இலண்டனுக்குக் கொண்டுவந்தார். 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதைக் கேட்கச் சற்று மனம் குளிர்கிறது. ஆனாலும் நமது காப்புப் பிரதியை மின்சாரசபையின் தயவில் விடலாகாது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு கடதாசி எழுதலாம். ஒரே ஒரு கடதாசி. செயற்குழுவினர் அனைவருடைய இலக்கங்களும், ஒவ்வொருவர் வீட்டிலும் இன்னொருவருடைய இலக்கமும் அதில் இருக்க வேண்டும். நமது வங்கியின் அவசர இலக்கம் வேண்டும். பணம் சம்பந்தப்பட்டதாயின் முதலில் கூப்பிட வேண்டியது வங்கியையே. போன பணத்தை நிறுத்த வழியிருந்தால் அது முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேதான். அடுத்தது பொலிஸ். அதன்பின், 2006ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே இயங்கிவரும் ‘சேர்ட்’ என்னும் கணினி அவசர ஆயத்தக் குழு. இப்படியான வேளையில் ஆலோசனை சொல்வதற்கே அது இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தலைவர் ஊரில் இல்லாவிட்டால் யார் முடிவு எடுப்பது, யார் அங்கத்தவர்களுக்கும் வெளியாருக்கும் பேசுவது என்ற இரண்டு பெயர்களும் எழுதப்பட வேண்டும். முடிவெடுப்பவரும் பேசுபவரும் ஒருவராக இல்லாதிருப்பது நல்லது. இரண்டு வேலையையும் ஒருவர் தலையில் கட்டினால் இரண்டும் கெடும். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் வடம் பிடிக்கப் போவதில்லையே. இந்தக் கடதாசி தொலைபேசிக்குள் இருந்து பிரயோசனமில்லை. சங்க அலுமாரியின் லாச்சியில் ஒன்று, செயற்குழுவினர் வீடுகளில் ஒவ்வொன்று இருக்கட்டும்.

காப்புப் பிரதியை மாதம் ஒருமுறை ஒரு சிறு வன்தட்டில் எடுத்து, இணைப்பைக் கழற்றி, வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். வெள்ளவத்தையில் கணினி இருந்தால் வன்தட்டு கொட்டாஞ்சேனையில் இருக்கட்டும். ஆனால் ஒன்று: அந்தப் பிரதியை வருடத்துக்கு இரண்டு தரமாவது வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத பிரதியும், மழைக்கு முன் விரித்துப் பாராத குடையும் ஒன்று. அந்த வன்தட்டிலே பிள்ளைகளின் பெயரும் பெற்றோரின் வருமானமும் வங்கிக் கணக்கும் இருக்கும். ஆதலால் அதற்குக் கடவுச்சொல் வேண்டும். வறுமையைச் சொல்லி நம்மிடம் விண்ணப்பித்த குடும்பத்தின் விபரம் தெருவிலே போனால் அதற்கு நட்டஈடு கிடையாது.

வட்ஸ்அப்பில் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. நாமே தெரிந்தெடுக்கும் ஆறிலக்க எண். அதைப் போட்டிருந்தால் அந்தக் காரியதரிசியின் கணக்கு பறிபோயிராது. போடுவதற்கு இரண்டு நிமிடம். கூட்டம் முடிந்ததும் வாசலில் இரு இளைஞர்கள் மேசை போட்டு இருப்பார்கள்; பெரியவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே அதைச் செய்வித்துப் போகலாம். எண்ணை மாத்திரம் அந்த இளைஞர்களுக்கும் சொல்லாதீர்கள். கணக்கு பறிபோனாலும், உடனே நமது தொலைபேசியில் அதே இலக்கத்தை மீண்டும் பதிவுசெய்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கொடுத்தால் கள்வன் வெளியே தள்ளப்படுவான். அவன் தன்னுடைய பூட்டைப் போட்டிருந்தால் நாம் உள்ளே போக ஏழு நாள் பொறுக்க வேண்டும்; ஆனாலும் அவன் நம் பெயரில் பேச முடியாது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. கடைக்காரருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கப்பம் கேட்டால் கொடுப்பதா என்று ஓர் அன்பர் எழுதிக் கேட்டிருக்கிறார். என் அபிப்பிராயம், கொடுக்கக் கூடாது என்பதே. கொடுத்தவனுக்குத் திறப்பு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொடுப்பான் என்ற பெயர் மாத்திரம் நிச்சயமாகக் கிடைக்கும். ஆனால் உயிர் ஊசலாடும் வைத்தியசாலையின் நிர்வாகியாக இருந்து இதே கேள்வியைக் கேட்டால் எனக்கு இவ்வளவு இலகுவாகப் பதில் வருமா என்பது வேறு விஷயம். எதுவாயினும், அந்த முடிவைச் செயற்குழு அமைதியாக இருக்கும் ஒரு நாளில் எடுத்துக் குறிப்பேட்டில் பதிந்து வைத்தல் வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். 2016 ஆகஸ்டிலே ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் புகுந்து, உயர்தரப் பரீட்சையைத் தள்ளிவைக்கும்படி எழுதியவர் பதினேழு வயது மாணவர் ஒருவர் என்று பொலிசார் கைதுசெய்தார்கள். பரீட்சை பிடிக்காமை எல்லாத் தலைமுறைக்கும் பொது. ஆனால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் விளையாட்டுக்கும் குற்றத்துக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை. பூட்டைத் திறக்கும் கெட்டித்தனம் உள்ளவர்கள் நம்மிடம் இருந்தால், நமது சங்கத்தின் பூட்டுகளைச் சோதித்துச் சொல்லும் வேலையைச் செயற்குழுவிடம் எழுத்தில் அனுமதி பெற்று எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு பிரேரணை. நாடகம் போடுவதென்றால் இரண்டு மாதம் ஒத்திகை பார்க்கிறோம். நவராத்திரி விழாவுக்கு யார் மேளகாரரைக் கூப்பிடுவது, யார் பிரசாதம் பங்கிடுவது என்று கூட்டம் போட்டுப் பிரிக்கிறோம். அதுபோல இதற்கும் ஓர் ஒத்திகை வேண்டும். ஒருநாட் காலையில் காரியதரிசி அவர்கள் தமது தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுப் பேசாமல் இருப்பார். அது பறிபோய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் அந்தக் கடதாசியை மாத்திரம் வைத்துக்கொண்டு, எத்தனை மணி நேரத்தில் எத்தனை அங்கத்தவருக்குச் செய்தியைச் சேர்ப்பிக்கிறார்கள், வங்கியை யார் கூப்பிடுகிறார், அன்றைய சந்தா றசீதை யார் கையால் எழுதுகிறார் என்று பார்ப்போம். பிழைவிடுபவர்களைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்பதே அன்றைய நிபந்தனை.

தலைவர் அவர்கள் சம்மதம் தெரிவித்துத் தலையசைக்கிறார். எந்த நாள் என்று பலர் கேட்கிறீர்கள். நாளை நான் சொல்லப்போவதில்லை. சனிக்கிழமையாக இருக்கலாம்.